பச்சைப் புள்ளி

ஊட்டியில் பள்ளிச் சீருடை தைக்கும் நஸீமா, கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் படிப்பாள். "அக்கா, வாங்க வந்தீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கடைக்கார அழகையா கேலி செய்வார். வாய்க்குள் போவது ஹலாலா என்று தெரிந்திருக்க வேண்டும் என்பாள் நஸீமா. அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

பக்கத்து வீட்டுக் கெஸியாவின் கிறிஸ்துமஸ் கேக்கை மட்டும் அவள் கேள்வி கேட்காமல் தின்பாள். மற்றவர்களுக்குப் பழங்களை ரம்மில் ஊறவைக்கும் கெஸியா, நஸீமா வீட்டுக்கென்று தனி ஜாடியில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பாள். கிண்ணம், கரண்டிகூடத் தனி.

இந்த வருடம் கேக்கைக் கொடுத்தபோது, பஞ்சுபோல வருவதற்குக் கேக் ஜெல் போட்டதாகக் கெஸியா சொன்னாள். நஸீமாவுக்குச் சுருக்கென்றது. அதில் சேரும் 471 என்ற பொருள் பாமாயிலிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். கேட்டால் கெஸியாவின் மனம் நோகும். கேட்காமல் தின்னவோ மனம் ஒப்பவில்லை. கேக் வெட்டாமலே கிடந்தது. மறுநாள் போய்க் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க்கா, உங்களுக்குப் பன்னிக் கொழுப்பையா போடுவேன்?" கெஸியாவின் முகம் சுண்டியது. ஜெல் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். "பாருங்க, பச்சைப் புள்ளி. சைவம்."

நஸீமா சமாதானமானாள். கெஸியாவுக்கு ஆறவில்லை. வெண்ணெய், வனிலா எசன்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். எசன்ஸ் புட்டியிலும் பச்சைப் புள்ளிதான். அதன் பின்பக்கத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். எசன்ஸைக் கரைத்திருந்தது ஆல்கஹாலில்.

சைவம் என்றால் சாராயம் கலக்காதது என்று பொருளல்ல. இத்தனை வருடத்தில் இருவருக்குமே அது தோன்றவில்லை.

"ரம்மத் தள்ளி வெச்சுட்டு இத நானே ஊத்தியிருக்கேனே," என்றாள் கெஸியா, குரல் இறங்கி.

துளிதானே, சூட்டில் ஆவியாகிவிடும் என்று விடுகிற மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் உண்டு, விடாதவர்களும் உண்டு. வசதியான பக்கம் சாய்ந்துகொள்ள நஸீமாவுக்கு ஒரு கணம் ஆசை வந்தது.

"தெரியாமத் தின்னதுக்குக் குத்தமில்ல கெஸியா. தெரிஞ்சப்புறம் என்னால திங்க முடியாது. நீ படிக்காமப் புட்டிய உள்ள வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதெப்படி வைப்பேன்?"

"அதத்தான் சொல்றேன். ஜாடில பழம் மிச்சம் இருக்குதா?"

"இருக்குதுங்க்கா. வாசனைக்கு?"

"ஏலக்காய் எடு."

"முட்டைக்கு ஒண்ணும் சொல்லமாட்டீங்களே? அதுல பின்பக்கமே கிடையாது."

நஸீமா சிரித்தபடி ஏலக்காய் உரிக்க உட்கார்ந்தாள்.