அப்பா பாடத் தொடங்கிய மதியம்

அப்பா இல்லை. இந்த இரண்டு சொற்களை எழுதிவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தாலும் அப்படியேதான் இருக்கின்றன. காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஆண்டு ஒன்று ஆகிறது. என் காது இன்னும் கட்டில் கிரீச்சிட்ட அந்தச் சத்தத்திலேயே நிற்கிறது.

மயிலாப்பூரில் கால்வாய்க் கரையோரக் குடிசையில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அக்காவின், அதாவது எங்கள் அத்தையின், கூலியில் வளர்ந்தார். லாரி கிளீனராகி, பின்னர் மாநகரப் பேருந்து ஓட்டுநரானார். அடையாறுக்கும் தி. நகருக்கும் நடுவே ஓடிய வாழ்க்கை. அதிகம் பேசமாட்டார். ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பார் என்று டிப்போவில் கிண்டல் செய்வார்களாம்.

சாவு வீட்டுக்குப் போகமாட்டார். "டூட்டி" என்பார். மேற்கு மாம்பலத்தில் அத்தையின் கணவர் இறந்தபோதும் டூட்டி என்றார். அதற்குப் பிறகு அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கல் மனசுக்காரன் என்றார்கள். இதைப் படிக்கும் உறவினர்களில் சிலரும் சொன்னதுதான்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில், எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் உதயன் இறந்தார். சந்து குறுகல் என்பதால் எங்கள் வாசலில்தான் பந்தல் போட முடிந்தது. அப்பாவுக்கு வெளியே போக வழியில்லை. மதிய வெயிலில் டோலக் சேகரின் குழு, இறந்தவரைப் பற்றிய மரண கானா பாடியது. "வாரிக் கொடுத்த வள்ளலே" என்று புகழை ஏற்றிக்கொண்டே போனார்கள். எங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"வள்ளலா? யாரு, உதயனா? ஓசி டீ குட்ச்சிக்கினு கதை வுட்டுக்கினு இருப்பான்பா. அத்தப் பாடு."

சேகர் டோலக்கை நிறுத்தினார். "இன்னா பெர்சு, ரூட்டு தெரியுதுன்னா நீயே ஓட்டேன்!"

அப்பா வெளியே வந்தார். உடலைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துப் பாடினார்.

"ஒரு டீக்கு ஒரு கதைன்னு வித்த உதயா – இப்ப
எந்தக் கடையில குந்திக்கினு எவன்கிட்ட சொல்ற?"

அது அப்பாவின் குரல் என்று பிடிபடவே எனக்கு நேரமாயிற்று. சிரித்த சனம் அப்படியே அழுதது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த உதயனின் மனைவி தலையிலடித்துக்கொண்டு கதறினார். யார் இந்த மனிதர்? இத்தனை வருடம் எங்கே இருந்தார்?

பிறகு அதுதான் அவர் வாழ்க்கை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்காரரோ, கொட்டிவாக்கம் மீன்காரம்மாவோ, கூப்பிட்டால் போவார். எதுக்குக் கோவப்படுவாரு, எப்டித் திட்டுவாரு, எத ஒளிச்சி வெச்சித் துன்னுவாரு என்று வீட்டாரிடம் விசாரித்துத்தான் பாடுவார். பொய்யாகப் புகழமாட்டார். மொட்டை மாடியில் முணுமுணுத்தபடி நடப்பார். தேடிய சொல் கிடைத்துவிட்டால் துண்டை உதறித் தோளில் போடுவார்.

அத்தைக்கும் செய்தி போனது. "கூடப் பொறந்தவ வூட்டுக்கு வரல. ஊரான் சாவுல பாடறானாமா?" என்றாராம்.

அப்பாவைக் கிடத்தியிருந்தபோது சேகர் வந்தார். அப்பா கேட்பதைப் போலவே கேட்டார். "சொல்லு தங்கச்சி. நைனாவப் பத்தி எங்களுக்குத் தெரியாதது எதுனா."

அம்மாதான் சொன்னார்.

"அவருக்குப் பொணம்னா பயம்."

"இன்னாம்மா சொல்ற? நம்ம நைனாவுக்கா?"

"அவங்க அப்பன் செத்தப்ப, ஆளக் கூட்டியாரன்னு அவங்க அக்கா ஓடிச்சி. இவரு மட்டும் பொணத்துகூட தனியா குந்திக்கினு கெடந்தாரு. அன்னிலேர்ந்து பயம். மச்சான் சாவுக்குக் கெளம்பி, மாம்பலம் ஸ்டேசன் வரிக்கும் போய்ட்டு நடுங்கிக்கினு திரும்பி வந்தாரு. அக்காவுக்குத் தெரிஞ்சா, தான் தனியா வுட்டுட்டுப் போனதாலதான்னு மனசு ஒடஞ்சிரும், சொல்லாதன்னாரு. பாடும்போது பயம் தெரில, நிறுத்துனா தெரியுதுன்னுவாரு. வந்து என் கையப் புடிச்சிக்கினுதான் தூங்குவாரு."

ஆட்டோவிலிருந்து இறங்கி, பந்தலுக்குள் வராமல் நின்றுகொண்டிருந்த அத்தையை அப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சேகர் டோலக்கைத் தொடவில்லை. வெறும் குரலில் எடுத்தார்.

"பொணத்தப் பாத்து பயந்தவரு
பூமாலையில தூங்குறாரு
பக்கத்துல குந்துங்கப்பா
நைனா தனியா கீறாரு."

அத்தை உள்ளே வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் ஓடித்தானடா வந்தேன்" என்றார்.

பந்தல் போட்டுக் கொடுத்தவர்களுக்கும், வந்தவர்களுக்குத் தண்ணீரும் டீயும் தந்த சந்துக்காரர்களுக்கும், சேகர் அண்ணனின் குழுவினருக்கும் எங்கள் நன்றி. தூக்கும் நேரம் வரை எழுந்திருக்க மறுத்துத் தம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அத்தைக்கு எங்கள் வணக்கம்.