செக்கண்ட் பேஸ் மருமோன்

“இல்லையக்கா, பந்தை எறியிறவனும் இல்லை, பெரிய அடி அடிக்கிறவனும் இல்லை. எங்கட மருமோன் செக்கண்ட் பேஸ்!”

அக்னெசக்கா ஒண்டுமே கேக்கேல்லை. போன ஞாயிறு பூசை முடிஞ்சு மொன்றியல் மாதா கோயில் ஹோலில கோப்பி எடுக்க வந்தவ. அருமைராசா அதுக்குள்ள நாலு பேப்பர் கோப்பையை மேசையில வைச்சு மைதானம் போட்டிட்டார். “இது முதலாம் பேஸ், ஓடிப்போய்த் தொடுற இடம். இது ரெண்டாவது. இஞ்ச நடுவில நிக்கிறவன்தான் றஜிந்தன். பேஸ்போல். சம்பளத்துக்கு!”

“அது கிடக்கட்டும். பேத்தியைத் தூக்கினியளோ?”

மனுசன் இடக்கையைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள விட்டார். “கொஞ்சம் தடிமன் அக்கா, பிள்ளைக்குத் தொத்திப்போடும். பேந்து.”

தடிமனும் இல்லை, மண்ணும் இல்லை. துணி வெட்டுற மெசினுக்கை அம்பிட்ட கை அது. ரெண்டு விரல் மடியாது, கோப்பை பிடிச்சாலே நடுங்கும். குட்டி கத்தரின் நழுவி விழுந்திட்டால்? வீட்டிலயும் தடிமன் எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சார்.

மகள் ஜென்சி றஜிந்தனைக் கட்டப்போறன் எண்டு நிக்கேக்க அருமைராசா கேட்டது இதுதான்: “பந்து பொறுக்கிறதும் ஒரு உத்தியோகமோ?” றஜிந்தன் சிரிச்சான். “ஓம் மாமா. பொறுக்காட்டித்தான் சம்பளம் இல்லை.”

ஆள் கட்டை, மெல்லிசு. கதிரையில ஒருநாளும் சாய்ஞ்சு இருக்கமாட்டான். நுனியில, குதிக்கால் கிளப்பினபடி. சாப்பாட்டு மேசையில கரண்டி தவறினால் நிலத்தில படாது. ரெண்டு முழங்காலுக்குக் கீழயும் தழும்பு. எதிராளி சறுக்கிக்கொண்டு வந்து காலை வாருவான், இவன் அவனுக்கு மேலால துள்ளி, அந்தரத்தில நிண்டு முதலாம் பேசுக்கு எறிவான். பத்து வருசம் அமெரிக்காவில, கியூபெக்கில எண்டு சின்னச் சின்ன ரீம். ரெண்டு ரீம் போனிலயே வேண்டாம் எண்டு சொல்லிச்சு. மொன்றியலின்ர பெரிய ரீம் 2004 இல மூட்டை கட்டிக்கொண்டு வேற ஊருக்குப் போச்சு. இவன் பிட்டுப் பார்சலோட பஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தான்.

முதல் மூண்டு வருசமும் அருமைராசாவுக்கு ஒரு விசயம் விளங்கேல்லை. எதிர் ரீம் ஓட்டக்காரன் பேசில நிக்கேக்க, அடிக்கிறவனுக்குப் பின்னால குந்தியிருக்கிற கச்சர் பந்தை எறியிறவனுக்கு, அதுதான் பிச்சருக்கு, திருப்பி எறியிற ஒவ்வொரு தடவையும், இவன் பிச்சருக்குப் பின்னால வந்து நிப்பான். பந்து அங்கால வாறதே இல்லை. “உனக்கேன் தேவையில்லாத ஓட்டம்?” எண்டு கேட்டார்.

“ஒருக்கா வரும் மாமா.”

போன கோடை வந்திச்சு. றஜிந்தன்ர ரீமுக்கு ஒரே ஒரு ஓட்டம் கூட இருக்கிற ஆட்டம், மூண்டாம் பேசில எதிராளி, அவன் ஓடி வந்தால் சமன். கச்சர் எறிஞ்ச பந்து பிச்சரின்ர கையில பட்டுத் தெறிச்சுது. எதிராளி ஓட வெளிக்கிட்டான். பின்னால பார்த்தால் பந்து றஜிந்தன்ர கையில. திரும்பி ஓடினான் பாவம். சனம் ஒண்டும் கை தட்டேல்லை, அவையளின்ர கண்ணுக்கு எதுவுமே நடக்கேல்லை. அருமைராசா மட்டும் எழும்பி நிண்டு, பக்கத்தில இருந்த பிரெஞ்சுக்காரனுக்கு, “என்ர மருமோன்! என்ர மருமோன்!” எண்டு தமிழிலயே சொன்னார்.

இண்டைக்குக் காலமை ஜென்சி குளிக்கப் போயிட்டாள். தொட்டிலுக்குள்ள கத்தரின் வீரிட்டு அழுகிறாள். அருமைராசா கிட்டப் போனார், கையை நீட்டினார், பிறகு பொக்கற்றுக்குள்ள விட்டார். பின்னால காலடி கேட்டுது. றஜிந்தன். குதிக்கால் கிளப்பி, முழங்கால் மடிச்சு, ரெண்டு கையையும் தாழ விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

“தூக்குங்கோ மாமா. நான் பின்னால நிக்கிறன்.”