கெடாத ஈரல்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் பட்டினப்பாக்கம் குப்பத்து ஆம்ப்ரோஸ் வாயாலேயே பிழைத்தான். படகு கரையேறியதும் மீன் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஏலம் கூவுவது அவன் வேலை. எதிர் வீட்டுக்காரி நான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தத் தொண்டையைக் கேட்டு வளர்ந்தவள். மாதா கோயில் பாடற்குழுவில் சேர்த்துக்கொண்டு, மற்றவர்கள் குரல் கேட்கவில்லை என்று மறுவாரமே வெளியே அனுப்பினார்கள். அதற்கும் கூவிச் சிரித்தான்.

நல்லவன்தான். ஆனால் குடிப்பான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் குடிப்பான், படகு வெறுமனே திரும்பினாலும் குடிப்பான். கால் வீங்க ஆரம்பித்தது. வெள்ளை விழி மஞ்சளானது. அவன் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவள். ஆஸ்பத்திரிக்கு வாய்யா, வாய்யா என்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. கடைசியில், ஈஸ்டர் முடியட்டும் வருகிறேன் என்று மாதா படத்தின் முன்னால் நின்று வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கை நம்பித்தான் அவள் இரண்டு வேளை சோறு தின்றாள்.

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலத்தில்தான் கண்ணாடி வந்து தொலைந்தது.

ஆம்புலன்ஸ் ஆட்களுக்குப் பயிற்சியாம். கடலில் மூழ்கினவன், படகில் அடிபட்டவன், இவர்களுக்கெல்லாம் கரையிலேயே வைத்தியம் செய்ய ஒரு கண்ணாடி. போட்டுக்கொண்டு பார்த்தால், படுத்திருப்பவன் உடம்பின் மேலேயே நெஞ்சும் நுரையீரலும் ஈரலும் படமாக விரியும். எங்கே ஊசி குத்தலாம், எங்கே குத்தினால் ஆள் காலி என்று தெரியும். சட்டையைக் கழற்றிப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வந்த மதுமதி டாக்டர் கேட்டாள். நம் ஆள் விடுவானா? ஏலப் பலகையில் போய் ராஜா மாதிரி படுத்துக்கொண்டான். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணாடி பார்ப்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு டிவியிலும் காட்டினார்கள். குப்பமே கூடிவிட்டது. அவன் உடம்புக்குள்ளே நெஞ்சு துடித்தது, நுரையீரல் ஊதி ஊதி அடங்கியது. அவன் புரண்டால் படமும் புரண்டது. கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"டாக்டரம்மா, ஈரலு நல்லா கீதா?" என்று படுத்தபடியே கேட்டான்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்று அவளும் சிரித்தாள்.

அது யார் படுத்தாலும் விரிகிற ஒரே படம். பயிற்சிக்கு வந்தவர்களிடம் அதைத் தொடக்கத்திலேயே இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை. செவுளைத் தூக்கினோமா, உள்ளே சிவப்பாக இருக்கிறதா, நல்ல மீன். அதற்கு மேல் கேள்வி கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

மறுநாளே ஏலத்தில் ஆரம்பித்துவிட்டான். "ஈரலு! ஐஸ் வெக்காத ஈரலு! டாக்டரம்மா பாத்த ஈரலு!" சிரிக்காத ஆள் இல்லை. ஈஸ்டர் வந்தது, போனது. வாக்கு என்ன ஆச்சு என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? டிவில ஊரே பாத்துச்சி இல்ல?"

"யோவ், கண்ணு மஞ்சளா கீதுய்யா. இப்டி கண்ணோட ஒரு சங்கரா மீன கூடைல வெச்சா சைதாப்பேட்டைல எவளாவது திரும்பிப் பாப்பாளா?"

"அப்ப விக்காத. நீயே வெச்சிக்கோ," என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான்.

அவள் தெருவில் ஒவ்வொருவரிடமும் போய் நின்றாள். நீங்களாவது சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பான் என்று கெஞ்சினாள். அவன் கூட்டாளி நோயல், "இன்னாக்கா, டாக்டரம்மா கண்ணாடி போட்டு பாத்தது பொய்யி, நீ கண்ணால பாத்தது நெஜமா?" என்றான். அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயரே டாக்டரம்மா. கூடையோடு பஸ்ஸுக்குப் போனால், "டாக்டரம்மா, என் கொடல் எப்டி கீது?" என்று கேட்பார்கள். அவனுக்கு வயிறு வீங்கியபோது, "எத்தினி மாசம் நைனா?" என்றார்கள். எல்லாம் அவன் காசில் குடித்த வாய்கள்.

கோயில் கொடியேற்றத்தன்று காலை. வலையில் வஞ்சிரம் நிறைய விழுந்திருந்தது. விலை ஏறிக்கொண்டே போகும்போது ஆம்ப்ரோஸின் குரல் நின்றது. குனிந்தான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, கட்டி கட்டியாக. முதலில் வஞ்சிரத்தைத்தான் நகர்த்தினார்கள். பிறகு அவனைத் தூக்கினார்கள். தூ! என் கண்ணால் பார்த்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த நந்தகுமார் அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பையன்களில் ஒருவன். அதே கண்ணாடியைப் போட்டிருந்தான். ஆம்ப்ரோஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, பாத்து சொல்லு. ஈரலு நல்லா கீதில்ல?"

சாகிறவனிடம் வேறு என்ன சொல்ல முடியும்? "நல்லா கீதுண்ணே," என்றான் நந்தகுமார். ஆம்ப்ரோஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தான், சத்தம் வரவில்லை. அந்தத் தொண்டைக்கு! நந்தகுமார் கண்ணாடியைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு அவன் நெஞ்சை அமுக்கினான். வேர்த்துக் கொட்ட அமுக்கினான். கடைசியில் கையை எடுத்துவிட்டு, முகத்தை மூடத் துணி கேட்டான்.

அப்போதுதான் ஃப்ளோரன்ஸ் ஓடிவந்தாள். யாரோ பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. பலகையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு புருஷனைக் குனிந்து பார்த்தாள்.

"துடிக்குது," என்றாள். பிறகு கத்தினாள். "டேய், நெஞ்சு துடிக்குதுடா! மூச்சு வுடறாருடா! மூடாதீங்கடா!"

"அக்கா, அது வெறும் படம்க்கா. யாரு படுத்தாலும் அதே படந்தான்," என்றான் நந்தகுமார்.

"அப்ப அன்னிக்கு டிவில காட்னது?" என்று கேட்டாள்.

"அதுவும் இதேதான்க்கா."

நோயல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நந்தகுமார் சொன்ன பதிலை அவள் காதில் வாங்கினாளா தெரியவில்லை. "ஈரலு கூட நல்லா கீதுடா," என்று புருஷன் வயிற்றைத் தடவினாள். முகத்தில் போட்ட துணியை இழுத்து எறிந்தாள். "யோவ், ஏந்திரிய்யா, எல்லாம் நல்லா கீதுய்யா."

குப்பத்திலேயே அந்தக் கண்ணாடியை நம்பாத ஒரே ஆள் அவள்தான். அன்றைக்கு அதை அவள் முகத்திலிருந்து நாங்கள் நாலு பேர் சேர்ந்து பிடுங்கினோம்.