டிரான்ஸ்போஸ் பட்டனும் சேவியரின் விரலும்

நசரத்பேட்டை மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு, இருபது வருஷ சர்வீஸ். அன்று காலை மேடையேறினால் என் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி. அதன்மேல் வயலின் பெட்டி.

"யாருக்குண்ணே இது?" குழு நடத்தும் பாஸ்கரைக் கேட்டேன்.

"சேவியர்னு ஒருத்தரு, நைனா. சர்ச்சுல வாசிக்கிறாரு. இன்னிக்குப் பாப்போம், நல்லா இருந்தா வெச்சுக்கலாம்."

"வயலின் சத்தம்தான் என் கீபோர்டுலயே கீதே!"

"கீது. கொசு கத்துற மாதிரி கீது."

சிரித்துவைத்தேன். வயலினுக்கு இவர், மிச்சத்துக்கு லேப்டாப்பில் பதிந்த டிராக் என்றால் நான் எதற்கு? பந்தியில் இலை போடவா?

சேவியர் வந்தார், வணக்கம் வைத்தார். எதற்கு இவ்வளவு மரியாதை? தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி, குடிக்காமல் ஓரமாக வைத்தேன்.

என் தொழில் ரகசியம் ஒன்று. எனக்கு வெள்ளைக் கட்டைகளில்தான் விரல் ஓடும். யார் எந்த ஸ்ருதியில் பாடினாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சத்தத்தை ஏற்றி இறக்கிவிட்டு, பழைய இடத்திலேயே வாசிப்பேன்.

மூன்றாவது பாட்டில் பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "ஸ்ருதிய அரைக் கட்டை கொறைங்கண்ணே" என்றார். அழுத்தினேன். அடுத்தது எங்கள் பாடகி மாலதி பாடும் பாட்டு, வழக்கமான ஸ்ருதி. நானும் வயலினும் சேர்ந்து முகப்பு இசையை எடுத்தோம்.

நாராசம். முன்வரிசையில் ஒருவர் கேசரியை வாயருகே நிறுத்திவிட்டார்.

என்னைக் கவிழ்க்கத்தான் அபஸ்வரமாக இழுக்கிறான் என்று சேவியரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காதைச் சாய்த்தார், விரல்களைத் துளி பின்னால் நகர்த்தினார். இரண்டாவது வரிக்குள் இரண்டு சத்தமும் ஒட்டிக்கொண்டன. மாலதியும் அதிலேயே சேர்ந்து பாடிவிட்டாள். அதன்பிறகே என் கீபோர்டின் திரையைப் பார்த்தேன். மைனஸ் ஒன்று, அதாவது அரைக் கட்டை இறக்கம். பழையபடி வைக்க மறந்தது நான்.

பாட்டு முடிந்ததும் பாஸ்கர் நேராகச் சேவியரிடம் வந்தார். "இன்னா சார், எடுத்தவுடனே இப்டி? நமக்குச் சரிப்படாது. சாப்டுட்டுக் கெளம்புங்க."

சேவியர் வயலினைத் துடைக்க ஆரம்பித்தார். ஏன் பேசமாட்டேன் என்கிறார்? இதில் வேறேதும் திட்டமோ? சந்தேகம் தாங்காமல் நானே கத்திவிட்டேன். "நான்தாண்ணே! டிரான்ஸ்போஸை எடுக்கல! அவரு எறங்கி வந்து என்னைக் காப்பாத்துனாரு!"

எதிரிலிருந்த மைக் ஆனில் இருந்தது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சமையல்கட்டு, எல்லோருக்கும் கேட்டது.

பாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் உக்காருங்க. மானத்த வாங்காதீங்க."

சாப்பாட்டில் சேவியரைக் கேட்டேன். "ஏன் சார் சொல்லல?"

"மொத நாளே உங்களப் போட்டுக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"ரெண்டு வரிக்குள்ள எப்டி மாத்துனீங்க?"

"விரலைத் தள்ளி வெச்சேன். அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' மேல் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. வீட்டில் பட்டனைத் தொடாமல் கறுப்புக் கட்டைகளில் பழகிப் பார்க்கிறேன். ஆறு மாதமாக வரவில்லை.

கீபோர்டு தூக்கி வரும் புதியவர்களுக்கு ஒன்று சொல்வேன். சத்தம் பிசகினால் முதலில் உங்கள் திரையைச் சந்தேகப்படுங்கள். பக்கத்து நாற்காலியை ஆற அமர அப்புறம் சந்தேகப்படலாம்.