ஹருயோவும் முயல் காதுத் தமனியும்

ஜப்பானின் ஹகாட்டா மீன் சந்தையில் பதினெட்டு வருஷம் கணவாய் சுத்தம் செய்த கமேதா ஹருயோ, நாற்பத்திரண்டாம் வயதில் எங்கள் மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது 1978. நான் அங்கே கரைசல் கலக்குபவள். முயலின் காதிலிருந்து நூல் கனமுள்ள தமனியை, ஒட்டிய நரம்பு அறுபடாமல் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குழாயில் பட்டு நூலால் கட்ட வேண்டும். டாக்டர்கள் பத்துக்கு நாலைக் கிழிப்பார்கள். ஹருயோ கிழித்து நான் பார்த்ததே இல்லை.

ஷினோஹரா என்ற இளம் டாக்டர், ரத்தக்குழாயை விரிக்கும் புது மருந்தொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். தமனியை இறுகச் சொல்லி நரம்பு அனுப்பும் தூது நோரட்ரினலின். கதிரியக்க அடையாளம் வைத்த நோரட்ரினலினில் தமனியை ஊறப்போட்டு, நரம்புக்கு மின்சாரம் கொடுத்து, வடியும் நீரைக் குப்பிகளில் பிடித்து, அதில் தூது எவ்வளவு என்று அளப்போம். மருந்து போட்டதும் தமனி தளர்ந்தது. தூதும் குறைந்திருக்கும் என்று அவர் நம்பினார். அதுவோ இரண்டு மடங்காக வந்தது.

"கமேதா-சான், குப்பிய மாத்தி வச்சிட்டீங்களா?"

"இல்ல, சென்செய்."

"மீன் கூடைன்னு நெனச்சிட்டீங்களோ?"

"மீன் கூடைய மாத்தி வச்சா சந்தையில அடி விழும். அதான் இன்னைக்கும் பயந்து பயந்து வைக்கிறேன்."

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஷினோஹரா தானே செய்து பார்த்தார். இரண்டு தமனிகள் கிழிந்தன. மூன்றாவதிலும் அதே இரண்டு மடங்கு.

"நரம்புக்குள்ள சிதைஞ்ச கழிவு கசியுது போல. அவ்வளவுதான்."

"அப்ப கழிவ தனியாப் பிரிச்சுப் பாத்துடலாமே. கூடவே அலமாரியில இருக்கற ஃபுகு மீன் நஞ்சயும் விட்டுப் பாருங்க. ஃபுகு ஈரல் தின்னு வாய் மரத்துப்போன ஆள நான் சந்தையில பாத்திருக்கேன். நரம்பு பேசறதா இருந்தா அதுல வாயடைச்சுடும். சும்மா கசிவுன்னா நிக்காது."

ஷினோஹரா தலையில் அடித்துக்கொண்டார். பாடப்புத்தகத்தில் இருக்கும் சோதனை, அவசரத்தில் விட்டுப்போயிருந்தது.

பிரித்துப் பார்க்க இரண்டு நாள் ஆனது. கூடுதலாக வந்ததில் பெரும்பகுதி சிதையாத நோரட்ரினலின். நஞ்சு விட்டபின் மின்சாரம் கொடுத்தும் பயனில்லை; வரத்து நின்றே போனது.

எங்கள் கூடத்தின் தலைவர் பேராசிரியர் இமாமுரா விளக்கினார்: "மருந்து தமனித் தசையோட காத அடைச்சிடுது. நரம்புக்கும் தன் குரலக் கேட்டு 'போதும்'னு நிறுத்த ஒரு காது உண்டு. அதையும் அடைச்சா, அது கத்திக்கிட்டே இருக்கு. வேற மருந்துகள்ல ஐரோப்பாக்காரங்க ஏற்கெனவே பாத்ததுதான். நம்ம மருந்தும் அந்த ஜாதி."

ஷினோஹரா இடுப்பு வளைய ஹருயோவை வணங்கினார். "சந்தைக்காரங்க கிட்ட இனிமே வாய் குடுக்க மாட்டேன்." இதைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் மூன்றாவது பெயராக ஹருயோவைப் போட்டது அவர்தான்.

ஹருயோவின் கணவர் டாக்ஸி ஓட்டுகிறவர். கட்டுரையின் ஒரு பிரதியை வண்டியிலேயே வைத்துக்கொண்டார். ஒரு மழைநாளில் எங்கள் இருவரையும் ஏற்றியவர் என்னிடமே அதை நீட்டினார்.

"படிச்சீங்களா? நரம்பு கத்துமாம், தமனி கண்டுக்காதாம். எங்க வீட்ட பாத்துத்தான் எழுதியிருக்கா."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றார் ஹருயோ, முகமெல்லாம் சிவந்து.

மறுநாள் எட்டரைக்கெல்லாம் பட்டு நூலோடு மேசையில் இருந்தார். இன்னும் பதினோரு வருஷம் அதே மேசையில் இருந்தார்.