பாதிக் குண்டான் மாவு

மலாக்கா டவுனிலிருந்து டுரியான் துங்கால் போகும் சாலையில், ரப்பர்க் காடு முடிந்து டவுன் இன்னும் தொடங்காத ஓர் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. நான் பிறந்தபோது அங்கே நான்கே வீடுகளாம். எனக்கு ஒன்பது வயதானபோது முப்பதுக்கு மேல் ஆகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்களும் டவுனில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். யார் வீட்டில் என்ன வருமானம் என்று எவரும் கேட்டதில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அத்தாப்பு ஓலை என்றால் தினக்கூலி. தகரம் என்றால் மாதச் சம்பளம்.

முதல் தகரக் கூரை என் சித்தப்பாவுடையது. பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவர். அவருடைய அண்ணனான என் அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். வண்டிக் கூலியில்தான் தம்பியை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா மட்டும் அதைச் சொன்னதே இல்லை. தன் மகளுக்குச் சிறிதாகிவிட்ட கவுன்களைச் சித்தி எனக்குக் கொடுத்தனுப்புவாள். நான் அவற்றைப் பெருமையோடு போட்டுக்கொள்வேன். சித்தி மகள் அதைவிடப் பெருமையோடு, "அது என்னோடதுலா," என்று கூட்டாளிகளிடம் சொல்லிவைப்பாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் அந்தப் பெயர்களையெல்லாம் எழுதியவர் சித்தப்பாதான். எழுதி முடித்த சில மாதங்களில் ஆபீஸையே மூடிவிட்டு, துரை அவரையும் வீட்டுக்கு அனுப்பினார். அதே வருடம் அரசாங்கம் சாலையை அகலப்படுத்தியது. அப்பா மாடுகளை விற்றுவிட்டு ரோடு உருட்டும் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம். எங்கள் வீட்டுக்கும் தகரம் ஏறியது. சித்தப்பா வீட்டுத் தகரம் அப்படியே இருந்தது. அதனால் கூரையைப் பார்த்து அதன்பின் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சித்தப்பா கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு தினமும் வேலை தேடி டவுனுக்கு நடந்தார். ஒருமுறை அப்பா அரை மூட்டை அரிசி அனுப்பினார். சித்தப்பா அதைத் தன் தோளிலேயே சுமந்து வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

"அண்ணே, எனக்குக் கை கால் நல்லாத்தான் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்டுக்கல் மழுங்கிப்போயிற்று. அப்படித்தான் அம்மா சொன்னாள். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, ஒரு குண்டான் நிறைய என்னிடம் கொடுத்து, "சித்திகிட்ட அரைச்சு வாங்கிட்டு வா," என்பாள். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். எங்கள் வீட்டில் அவ்வளவு தோசை நாங்கள் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. கல் கொத்துகிறவர் கூவிக்கொண்டு வந்தபோது நான் ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். அம்மா, "இப்ப வேணாம்," என்று அனுப்பிவிட்டாள்.

சித்தி மாவைத் தட்டுப் போட்டு மூடிக் கொடுப்பாள். "கொஞ்சம் தண்ணியா இருக்கும்னு அம்மாகிட்ட சொல்லு," என்பாள், என் முகத்தைப் பார்க்காமல். வழியில் ஒருநாள் தட்டைத் திறந்து பார்த்தேன். பாதிக் குண்டான்தான் இருந்தது. மறுமுறையும் பார்த்தேன். அன்றும் பாதிதான். அம்மாவிடம் சொன்னேன். "அரைச்சா அப்படித்தான் குறையும்," என்றாள். அரைத்தால் மாவு பெருகும் என்பது ஒன்பது வயதில் எனக்கே தெரியும். அம்மா ஏமாளி என்று முடிவு செய்தேன்.

சாலையோரத்தில் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் வாளியோடு வரிசையில் நின்றேன். அப்பா பசாரில் வாங்கித் தந்த புதுக் கவுன் போட்டிருந்தேன். சித்தி மகள் எனக்கு முன்னால் வந்து நுழைந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்து, "புதுசா? என் பழசைப் போட்டவதானே நீ," என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எங்க மாவுலதான் நீங்க தோசை சுடுறீங்க!" என்று கத்தினேன். "குண்டான் நிறைய குடுத்தா பாதிதான் திரும்பி வருது. மிச்சத்த உங்கம்மா திருடிக்கிறாங்க!"

வரிசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே சித்தப்பா நின்றிருந்தார். குழாயடிக்கு அதுவரை வராதவர், அன்று இரண்டு வாளிகளோடு வந்திருந்தார். மகளைப் பார்த்து, "அப்படியா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் அழ ஆரம்பித்தாள். வாளிகளை அங்கேயே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அன்று மத்தியானமே சித்தப்பா டவுனுக்குப் போய் இந்தியா போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா சித்தியைப் பார்க்க ஓடினாள். திரும்பி வந்து அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னை அடிக்கவில்லை. அடிக்காததால் நான் செய்தது சரி என்றே நினைத்தேன். அவர்கள் கப்பலில் போவதும் எனக்குத் துக்கமாகப் படவில்லை. கப்பல் ஏறப் போகிறவள் சித்தி மகளல்லவா, நானல்லவே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அப்பா அப்போது மஸ்ஜித் தானா என்ற ஊர்ப் பக்கம் ரோட்டு வேலையில் தங்கியிருந்தார். செய்தி கேட்டு வந்து, தம்பி வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார். சித்தப்பா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரையும் திரும்ப வாங்கவில்லை. தகரக் கூரையும் பலகையும் விற்றுப்போயின. புறப்படும் நாளில் அவர்களுடைய டிரங்குப் பெட்டியை அப்பாவே தலையில் தூக்கிக்கொண்டு, துறைமுகத்துக்கு ரயில் ஏற்றிவிட ரயிலடிக்குப் போனார். சித்தி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அவளை நாங்கள் பிறகு பார்க்கவில்லை.

அப்பா சாயங்காலம் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்குக் குழாயடியில எத்தன பேரு முன்னால சொன்னம்மா?"

அப்பா எனக்காகச் சாட்சி தேடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. "எல்லாரும் இருந்தாங்கப்பா," என்றேன். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று விரல் மடக்கி ஒவ்வொரு வீடாகச் சொல்லத் தொடங்கினேன். அப்பா நடுவில் நிறுத்தவில்லை. கடைசி வீடு வரைக்கும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.