மீட்டர்காரரின் ஆறாவது வண்டி

பக்கவாதம் வந்த அன்று மீட்டர்காரர் சைக்கிளிலிருந்து விழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக யார் வந்தாலும் அவரும் முதலில் அதைத்தான் சொல்வார். இடது கை கைப்பிடியில் நிற்கவில்லை என்றதும் இறங்கி, வண்டியை ஓரமாகத் தள்ளிப்போய் ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாராம்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வருவது அவர் பார்த்த வேலை. முப்பத்து நான்கு வருடம் செய்திருக்கிறார். வயது எழுபத்தொன்று. மனைவி இல்லை, ஒரே மகள் வேறு ஊரில். நான் பராமரிப்பு உதவியாளர்; ஐம்பது வயதில் பயிற்சி முடித்து, பதினான்கு வருடமாக இதுதான் தொழில். நான் நர்ஸ் இல்லை என்று முதல் நாளே சொன்னேன். "சரி நர்சம்மா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

காலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வலியையே கவனித்துக்கொண்டிருப்பார்கள். இவருக்குப் பேச்சில் குறையில்லை, ஆனால் விஷயம் ஒன்றுதான்: சைக்கிள். முதலாவது அண்ணனோடு பங்கு. அண்ணன் ஓட்டுவார், இவர் துடைப்பார். அடுத்தது யாரோ ஓட்டிச் சலித்துப்போனது; திருப்பத்துக்குத் திருப்பம் செயின் கழன்றுவிடும், ஏறிப் போனதைவிடத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம். மூன்றாவது அலுவலகத்து வண்டி, இரும்புப் பீரோ கனம். நான்காவது, ஏலத்தில் எடுத்த வண்டி; மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் திருடு போனது. "ஒண்ணு போய் ஒண்ணு வந்துச்சு, விடுங்க" என்று மனைவி சொன்னாராம். இவர் இரண்டு நாள் அந்த அம்மாவோடு பேசவில்லை. ஐந்தாவது, மச்சான் ஓட்டிவிட்டுக் கொடுத்தது, இருபத்திரண்டு வருடம் ஓடியது. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மகள் அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதைப் பற்றி மகளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னிடம் தினமும் சொல்வார்.

ஒரு நாள் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டே, ஐந்தில் எதைப் புதிதாக வாங்கினீர்கள் என்று கேட்டேன். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். ஒன்றுகூட இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

ஆறாவது மாதம் மகள் வந்து, தன்னோடு வந்துவிடச் சொன்னாள். தப்பாகச் சொல்லவில்லை, தனியாக இருக்கும் அப்பாவை நினைத்து அவளுக்குத் தூக்கம் கெட்டிருந்தது. ஆனால் அவள் இருப்பது நான்காவது மாடி. "அங்க என்னை பூச்செடி மாதிரி ஜன்னல் ஓரமா வெச்சு தண்ணி ஊத்துவா" என்று என்னிடம் முனகினார். மகளிடம் மட்டும் தெளிவாகவே பேசினார்: மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறேன், ரொட்டிக் கடைக்கு நானே போய் நானே வருவேன். மகள் என்னைப் பார்த்தாள். முடியும் என்றேன். அப்படியானால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தனியாகப் போய் வந்தால் அப்பா இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் பெட்டி கட்டிவிடலாம் என்றாள். அப்பாவும் மகளும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வண்டி வந்தது. நீல நிறம். சைக்கிள் கடைக்காரர் இரண்டு பிரேக்கையும் வலது கைக்கே மாற்றியிருந்தார், இடது பாதம் நழுவாமல் இருக்க பெடலில் வார் வைத்திருந்தார். மீட்டர்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைத்தடியோடு அத்தனை சுற்று நடக்க வைக்க நான் ஒரு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். குனிந்து டயரை மோந்து பார்த்தார். மணியை நாற்பது தடவை அடித்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. வழுக்கும் என்றேன். வழுக்கட்டும் என்றார். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். கைப்பிடியின் பிளாஸ்டிக் உறையை மட்டும் கிழிக்காமல் அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

அடுத்து நடந்தது என் தப்பு. எதைப் புதிதாகச் செய்ய வைத்தாலும் முதலில் பக்கத்தில் நின்று சோதித்துப் பார் என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். ஐம்பது வருடம் சைக்கிள் ஓட்டியவருக்கு என்ன சோதனை என்று நினைத்துவிட்டேன். ஏறினார், மிதித்தார், பத்தடியில் ரோட்டோரம் சாய்ந்த இடத்தில் வேலிச் செடிக்குள் புகுந்தார். அடி இல்லை, கன்னத்தில் கீறல். மறுபடி ஏறினார், மறுபடி அதே செடி. அன்றைக்கு நான்கு தடவை. அந்தச் செடி அப்புறம் நிமிரவே இல்லை.

வண்டியில் கோளாறா என்று பார்க்க நானே ஏறினேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, சொந்தமாக ஒன்று இருந்ததும் இல்லை. நேராகப் போய், திரும்பி, வாசலில் வந்து நின்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது நர்சம்மா. அதான் ஓட்டுறீங்க."

கோபத்தில் சொன்னாலும் அதில்தான் விஷயம் இருந்தது. சீட்டில் அவர் உடம்பைக் கவனித்தேன். இரண்டு சக்கரத்தில் சாய்ந்தால் அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும். அது ஐம்பது வருடப் பழக்கம். இந்த வண்டி ரோடு சாய்வுக்குக் கொஞ்சம் சாயும், ஆனால் விழாது. உடம்பு அதை நம்பவில்லை. விழப்போகிறோம் என்று கைப்பிடியை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது; அங்கே செடி.

இந்த உடம்பை எனக்குத் தெரியும். முதல் மாதம் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தபோதும் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து தவித்தார். இடுப்பின் இரண்டு பக்கமும் கனத்தை வை, நெஞ்சு நேராக, பார்வை கதவில் என்று தினம் இருபது நிமிடம் பழக்கினேன். அதையே இங்கேயும் சொன்னேன்.

"ஐயா, இது சைக்கிள் இல்ல. கட்டில். கட்டில்ல உட்காருங்க, கதவைப் பாருங்க."

"புது வண்டியைப் போய் கட்டில்ங்கறீங்களே."

"ஓட்டி முடிச்சுட்டு என்ன பேர் வேணா வைங்க."

பக்கத்திலேயே நடந்தேன். சாயத் தொடங்கும்போதெல்லாம் "கட்டில்" என்பேன். எதிர்வீட்டுத் தையல்காரர், "நர்சம்மா எதுக்கு ரோட்ல கட்டில் விக்கறாங்க?" என்று கேட்டார். நான்காம் நாள் ஒரு தடவை சொன்னால் போதும் என்றானது. பத்தாம் நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை மகள் வந்தாள். வாசலில் நானும் அவளும் நின்றோம். அவர் ஏறி, இடது காலைத் தூக்கி வாரில் வைத்து, தெரு முனையில் திரும்பி மறைந்தார். அவள் நகத்தைக் கடித்தாள். பின்னால் போகலாமா என்றாள். வேண்டாம் என்றேன். பதினெட்டு நிமிடம் ஆனது. முதலில் மணிதான் கேட்டது. கூடையில் ரொட்டி, சட்டையில் மாவு. கடையில் யாரோ கட்டிப்பிடித்திருக்க வேண்டும்.

இறங்கி, பிரேக்கைப் பூட்டி, சங்கிலியை எடுத்து வண்டியைக் கேட்டோடு சேர்த்துக் கட்டினார். ஒரு கையால் அதற்கு நேரம் பிடித்தது. நானும் உதவவில்லை, மகளையும் விடவில்லை.

"வீட்டு வாசல்தானேப்பா, எதுக்குப் பூட்டு?"

"புதுசும்மா" என்றார்.

அவள் கொண்டுவந்த காலிப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மறுவாரத்திலிருந்து எனக்கு அங்கே வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. கைப்பிடி உறை இன்னும் கிழியவில்லை.